ஆழமும் வெதுவெதுப்பும்

பௌர்ணமிதோறும் என்னோடு மலையை வலம் வரும் தோழியரே, சென்ற முறை அடி அண்ணாமலையைத் தாண்டிக் காபி குடிக்க உட்கார்ந்தபோது உங்களில் ஒருவர் என்னைக் கேட்டார்: "ஏங்க, நீங்க மட்டும் எந்தத் தண்ணியில எறங்கறதா இருந்தாலும் மொதல்ல கையை விட்டுப் பாத்துக்கினே நிக்கறீங்க? தீர்த்தத்தையே சந்தேகப்படறீங்களா?" எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். முழங்கால் வலியில் அன்று பதில் சொல்லத் தோன்றவில்லை. ஆதலால் எழுதுகிறேன். அது சந்தேகமன்று. வணங்குவதற்கு நான் கற்ற முறைகளுள் அதுவும் ஒன்று. கற்றது கோயிலுக்குள் அன்று, ஓர் ஓடையின் வாயில்.

எனக்குப் பத்து வயதிருக்கலாம். அப்பா நம் ஊர்க் கோயிலில் தேவாரம் பாடும் ஓதுவார். அவர் வாய் திறந்தால் பிரகாரத்துப் புறாக்கள் இடம் மாறி அமரும் என்று கேலி செய்வார்கள். அத்தனை கம்பீரம். அந்த ஆண்டு பெண்ணையாற்றங்கரையில், அணைக்குக் கீழே, அணையின் சங்கொலி கேட்கும் தொலைவிலிருந்த ஒரு சிறு சிவாலயத்தில் குடமுழுக்கு நடந்தது. அதன்பின் ஒரு மண்டலம் நாள்தோறும் பதிகம் ஓத அப்பாவை அழைத்தார்கள். பள்ளி விடுமுறையின் கடைசியில் இருந்த நான், அம்மாவோடும் ஒரு தகரப் பெட்டியோடும் உடன் போனேன். விடுமுறை முடிந்தும் நாங்கள் திரும்பவில்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

மடைப்பள்ளியை ஒட்டிய அறையில் தங்கினோம். புதுச் சுண்ணாம்பின் வாசனை இரவும் பகலும் மூக்கிலேயே இருந்தது. விமானத்துப் பொம்மைகளின் பச்சையும் நீலமும் இன்னும் காயாததுபோல் பளபளத்தன. வாசலில் ஒரு பனையோலைக் கூடை நிறையப் பொரி. அந்தக் கூடையின் விளிம்பில் யாரோ சிவப்புத் துணி வைத்துத் தைத்திருந்தார்கள். பின்னாளில் அது எந்த வீட்டு அடுப்பில் எரிந்ததோ, தெரியவில்லை.

பொரி மீன்களுக்கு. கோயிலுக்கு எதிரே ஆறு ஒரு பாறையைச் சுற்றித் திரும்பும் இடத்தில் ஆழமான மடு ஒன்று இருந்தது. அதில் முழங்கை நீளச் சேல்கெண்டைகள். அவற்றுக்குச் 'சாமி மீன்' என்று பெயர். கோயில் படித்துறையிலிருந்து மருதமரம் வரை எவரும் வலை இடுவதில்லை. அவற்றுள் மிகப் பழைய மீனுக்கு ஒரு கண் வெளுத்திருந்தது. அதை ஊரே 'பெரியவர்' என்று அழைத்தது. "பெரியவர் வந்துட்டாரா?" என்று கேட்டுவிட்டுத்தான் வெளியூர் போகிறவர்களும் பொரி இறைப்பார்கள்.

அந்த மடுவைக் காத்துவந்தவர் வலைக்காரர். மருதமரத்துக்குக் கீழ்ப்புறம் அவர் குடிசை. வலை வீசிப் பிழைப்பவரிடம் சாமி மீனை ஒப்படைத்த முன்னோரின் துணிவை நினைத்து நான் இன்றும் வியக்கிறேன். அவர் குடும்பத்துக்கு ஓர் உரிமை உண்டு. தைத் தீர்த்தவாரியிலும் ஆடிப்பெருக்கிலும் சுவாமி ஆற்றங்கரைக்கு எழுந்தருளும்போது, பித்தளைப் பூண் போட்ட மூங்கிற்கோலோடு அவர்தான் முதலில் நீரில் இறங்குவார். கோலை ஊன்றி ஊன்றி, "முழங்கால்! இடுப்பு! மார்பு!" என்று ஆழம் கூவுவார். அந்தக் குரலைக் கேட்ட பின்னரே அர்ச்சகர் இறங்குவார், அவருக்குப் பின்னால் ஊர் இறங்கும். ஆண்டில் அந்த இரண்டு நாள்களில் மட்டும் எல்லாரும் அவருக்குப் பின்னால் நின்றார்கள். மற்ற நாள்களில் அவர் எல்லாருக்கும் பின்னால் நின்றார்.

ஆனி மாதம். மழை இல்லை, மணலில் கால் வைக்க முடியவில்லை. ஒரு மாலை அணையில் சங்கு ஊதிற்று. பாசனத்துக்கு நீர் திறந்துவிட்டார்கள். மறுநாள் விடியலில் நீராடப் போன அப்பா, ஈர வேட்டியோடு ஓடிவந்தார். அவர் ஓடி அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

"கங்கை வந்துட்டா! இந்த வெயில்ல இப்படி ஒரு குளிர்ச்சி எங்கேர்ந்து வரும்? நேத்து வரைக்கும் வெந்நீர் மாதிரி இருந்த ஆறு இது! குடமுழுக்குக்கு அவனே அனுப்பி வெச்சிருக்கான்!"

அப்பாவை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அவர் நாவில் வாழ்ந்த பாடல்களில் நீர் என்றால் குளிர்ந்த நீர், நிழல் என்றால் குளிர்ந்த நிழல். இறைவன் திருவடியைக்கூடக் குளிர்ச்சி என்றே அந்தத் தமிழ் பாடும். வெயில் நாட்டில் பிறந்த பக்திக்கு அதைவிடப் பெரிய புகழ்ச்சி தெரியாது. குளிர்ச்சி ஒருவருக்குத் தீங்காகவும் இருக்கக்கூடும் என்பது அவர் செவியில் நுழைய வழியே இல்லை.

தர்மகர்த்தாவுக்கோ மகிழ்ச்சி பிடிபடவில்லை. வெள்ளிப் பூண் போட்ட கைத்தடியும் உரத்த குரலும் கொண்ட மனிதர், உள்ளத்தால் கெட்டவர் அல்லர். திருவண்ணாமலைப் பேருந்தில் வருகிறவர்கள் காதிலெல்லாம் செய்தியைப் போட்டார். கூட்டம் திரண்டது. அணையில் மதகு திறப்பவர் ஒருநாள் திருநீறு வாங்க வந்தவர், கூட்டத்தைப் பார்த்துத் திகைத்துப்போனார்.

"இன்னாங்க இது, கங்கையா? அடி மதகுலேர்ந்து வர்ற தண்ணிங்க. அணையில மேல கையை வெச்சா சூடா இருக்கும். அடியில வெயிலே போவாது, ஜில்லுனுதான் கெடக்கும்."

"அடியிலேர்ந்து வருதா?" தர்மகர்த்தா கைத்தடியைத் தூக்கினார். "அப்ப இன்னும் விசேஷம்யா! பாதாள கங்கை!"

மதகுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். உண்மை அன்று கோயில் வாசல்வரை வந்து, திருநீறு வாங்கிக்கொண்டு திரும்பிப் போயிற்று.

அந்த நீரைக் குறை சொன்னவர் ஒருவரே, அம்மா. அப்பாவின் வேட்டிகளை ஆற்றில் அலசிவிட்டு வந்து, விரல்களை மடக்க முடியாமல் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு உட்காருவார்.

"ஏங்க, இந்தத் தண்ணி கையைக் கடிக்குதுங்க. எலும்புக்குள்ள போவுது."

"தீர்த்தத்த அப்படிச் சொல்லாத. சொல்ற வாய்க்கு ஆகாது."

"தீர்த்தத்த நான் இன்னா சொன்னேன்? என் கையைத்தான சொல்றேன்."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனார்.

வலைக்காரர் மகள் என் வயதினள். நானும் அவளும் நாள்தோறும் காலையில் படித்துறையில் உட்கார்ந்து பொரி இறைப்போம். முன்பெல்லாம் கை உயர்வதற்குள் நீர் கொதிக்கும். சேல்களின் தடித்த உதடுகள் நீருக்கு மேல் வந்து பொரியை 'ப்ளக்' என்று உறிஞ்சும் ஒலி எங்களுக்கு மேளத்தைவிட இனித்தது. நீர் குளிர்ந்த பிறகு மீன்கள் குறைந்தன. பின்னர் ஒருநாள் ஒன்றுகூட வரவில்லை. பொரி வெண்மையாக மிதந்து, பாறையைச் சுற்றிக்கொண்டு, யாரும் காது கொடுக்காத பேச்சைப்போல் கீழே போய்விட்டது.

"பெரியவரே!" என்று அவள் கூப்பிட்டாள். இரண்டாம் முறை கூப்பிட்டபோது குரல் உடைந்திருந்தது. அவளுக்கு என்னைவிட முன்பே தெரிந்துவிட்டது, பழி எங்கே வந்து விழும் என்று.

அது விழுந்தது. ஒரு மாலைப் பூசை முடிந்து எல்லாரும் வெளியே வந்ததும், தர்மகர்த்தா படிக்கட்டில் நின்றார். வலைக்காரர் கீழே, கோலோடு நின்றார்.

"மீனு எங்கய்யா?"

"தெரியலைங்க. நானும் தெனம் தேடறேன். கீழ என் வலையிலயும் ஒண்ணும் வுழறதில்ல."

"வலையில வுழலையா, இல்ல வித்துத் தீந்துபோச்சா?"

"சாமி மீனைத் தொட்ட கையால இந்தக் கோலைப் புடிப்பனுங்களா? மேலேர்ந்து முதலை ஏதாவது எறங்கியிருக்கும்னு நெனைக்கறேன்."

"பொரி தின்னு வளந்த மீனாப் பாத்து முதலை தின்னுச்சாம்!" என்றது கூட்டத்தில் ஒரு குரல். சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்புத்தான் வலைக்காரரைக் கொன்றது. அவர் முகம் அணைந்ததைக் கோபுரத்து விளக்கில் கண்டேன்.

தீர்ப்பு எளிமையானது: ஆடிப்பெருக்குக்குள் மடுவில் மீன் தெரியவேண்டும். தெரியாவிட்டால் கோல் வேறு கைக்குப் போகும். மடுவின் காவலும் அதனோடு போகும். வலைக்காரர் அப்பாவைப் பார்த்தார். ஓதுவாரின் ஒரு சொல்லுக்கு அந்த ஊரில் மதிப்பிருந்தது. அப்பா, "செஞ்ச பாவம் யாரையும் விடாது," என்றார். பொதுவாகச் சொல்வதாக எண்ணித்தான் சொன்னார். பொதுவாகச் சொல்லப்படும் சொல் எதிரே நிற்பவன்மேல்தான் விழும் என்பதை அவர் அன்று எண்ணிப்பார்க்கவில்லை.

மறுநாள் வலைக்காரர் மகள் படித்துறைக்கு வரவில்லை. குடிசைக்குத் தேடிப் போனேன். வேலியைத் திறக்காமலே சொன்னாள்:

"போடி. உங்கப்பா பாட்டுல மட்டும் மீனு துள்ளுது."

உண்மைதான். அன்று மாலையும் அப்பாவின் பதிகத்தில் சேல்கள் வயல்களில் பாய்ந்தன, வாளைகள் மடையேறிக் குதித்தன. தூணில் சாய்ந்திருந்த எனக்கு வாசல் வழியே வெறும் மடு தெரிந்துகொண்டிருந்தது. குரலும் முன்போல் இல்லை. விடியற்காலைக் கங்கை ஸ்நானத்தில் தொண்டை கட்டி, மேல்சுருதி போகும் இடமெல்லாம் காற்றாக வந்தது. அதையும் அவர் அருளின் சோதனை என்றே எடுத்துக்கொண்டார்.

ஆடி பிறந்துவிட்டது. மண்டலம் முடிந்தும், ஆடிப்பெருக்குவரை இருந்து ஓதிவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொண்டதால் தங்கியிருந்தோம். ஒரு நண்பகல் அம்மா துணி மூட்டையைத் தலையிலும் காலிப் பொரிக்கூடையை இடுப்பிலும் வைத்துக்கொண்டு, "வா," என்று என்னை அழைத்தார். படித்துறைப் பக்கம் போகவில்லை. மருதமரத்தைத் தாண்டி, கருவேலம் புதர்களுக்குள் நுழைந்தார்.

அங்கே ஓர் ஓடை ஆற்றில் கலந்தது. மேட்டு ஏரியில் கசிந்த நீர், பாறைமேலும் மணல்மேலும் வெயில் காய்ந்துகொண்டு, கணுக்கால் ஆழத்தில் மெதுவாக வரும். வாயருகே மட்டும் இடுப்பளவு தேங்கியிருக்கும். ஏரி வடிகால் என்பதால் அதில் எவரும் நீராடுவதில்லை, முள்ளுக்குப் பயந்து வலையும் வீசுவதில்லை.

அம்மா நீரில் கையை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். "அப்பாடி," என்றார். சன்னிதியில்கூட அவர் முகத்தில் அப்படியோர் அமைதியை நான் கண்டதில்லை.

துணிகளை அலசிவிட்டுப் பொரிக்கூடையையும் கழுவ எண்ணிக் கவிழ்த்தார். ஓலைக்கிடையில் ஒட்டியிருந்த பொரி சிதறிற்று. மறுகணம் ஓடையின் வாய் கொதித்தது! கரிய முதுகுகள் ஒன்றன்மேலொன்று ஏறின. தடித்த உதடுகள் 'ப்ளக், ப்ளக்' என்றன. அவற்றின் நடுவே, அவசரமே இல்லாமல், ஒரு வெளுத்த கண் மேலே வந்தது.

"அட, பெரியவரே!" அம்மா வாய்விட்டுச் சிரித்தார். "உங்களுக்கும் குளிரு தாங்கலையா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார். துணியைப் பிழியாமல் அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். நேரே வலைக்காரர் குடிசைக்கு நடந்தார், நான் பின்னால் ஓடினேன். ஓதுவார் மனைவி தன் வேலிக்கு வந்ததைக் கண்டு வலைக்காரர் பதறி எழுந்தார்.

"வாங்க. உங்க மீனு இருக்குது," என்றார் அம்மா.

செய்தி எப்படிப் பரவிற்றோ, சற்று நேரத்தில் கருவேலம் புதர்களிடையே ஊரே நின்றது. அப்பா வந்தார், தர்மகர்த்தா கைத்தடியால் முள்ளை விலக்கிக்கொண்டு வந்தார். மீன்களைப் பார்த்தார். பெரியவரைப் பார்த்ததும் அவர் கை தானாகக் குவிந்தது. ஆனாலும் ஐயம் தீரவில்லை.

"இன்னாய்யா, நீயே இங்க ஓட்டியாந்து அடைச்சு வெச்சியா?"

வலைக்காரர் வாய் திறக்குமுன் அம்மா பேசினார். ஆண்கள் கூட்டத்தின்முன் அவர் பேசியதை அன்றுதான் கேட்டேன்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. ஒரு கையை ஓடையில வெய்யுங்க. இன்னொரு கையை ஆத்துல வெய்யுங்க."

ஓடை ஆற்றில் கலக்கும் மணல் மூக்கில் நின்றால் இரண்டும் எட்டும். தர்மகர்த்தா கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டுக் குனிந்தார். இரண்டு கைகளையும் இரண்டு நீரில் வைத்தார். அசையவில்லை. பிறகு ஆற்றில் வைத்த கையை வெடுக்கென எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"ஆமா," என்றார். அவ்வளவுதான்.

அடுத்து அப்பா குனிந்தார். அவர் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். எழுந்து, கட்டிய தொண்டையில் அம்மாவிடம், "நீ அன்னிக்கே சொன்ன," என்றார்.

"நான் கையைத்தான் சொன்னேன்."

அப்பா இடுப்பிலிருந்த திருநீற்றுப் பையை அவிழ்த்து, வலைக்காரர் நெற்றியில் தம் விரலாலேயே இட்டார். வலைக்காரர் மகள் என் முழங்கையைக் கிள்ளினாள். வலித்தது. தோழமை திரும்பிவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

தீர்ப்பு மட்டும் அப்படியே நின்றது. சாமி மீன் மடுவில் தெரியவேண்டும் என்பதுதானே பேச்சு? ஓடையில் தெரிந்தால் போதுமா என்று முணுமுணுப்பு எழுந்தது. "மீனை மடுவுக்குத் தூக்கியாந்து விட்டுடலாம்," என்றார் ஒருவர். "விட்டா மறுபடி இங்கதான் வரும்," என்றார் இன்னொருவர். வலைக்காரர் கோலால் மணலில் ஒரு கோடு இழுத்தார், ஓடை இறங்கிவரும் மேட்டிலிருந்து மடுவின் தலைப்பாறை வரை. "மீன் தண்ணியத் தேடி வந்துச்சு. தண்ணிய மீன் வூட்டுக்கே கூட்டிக்கினு போயிடலாங்க."

வெட்டினார்கள். மண்வெட்டிகளும் சித்தாள் கூடைகளும் வந்தன. தர்மகர்த்தா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மண் சுமந்தார். அவர் கைத்தடி அந்த மணல்மேட்டில் எங்கோ காணாமற்போய், கடைசிவரை கிடைக்கவே இல்லை. குரல் போன அப்பா பாடமுடியாத குறைக்கு எல்லாரையும்விட அதிகக் கூடை சுமந்தார். மாலையில் ஓடை வளைந்து, தயங்கி, புதுவழியில் மடுவின் தலைக்கு வந்து விழுந்தது. பாறையோரம் கை வைத்தேன். மேல்நீர் வெதுவெதுவென்றிருந்தது.

ஆடிப்பெருக்கு விடிந்தது. சுவாமி கரைக்கு எழுந்தருளினார். மேளம் நின்றது. வலைக்காரர் கோலோடு படியில் நின்றார், ஆனால் இறங்கவில்லை. எல்லார் கண்ணும் மடுவில். வலைக்காரர் மகள் ஒரு கைப்பிடிப் பொரியை இறைத்தாள். அது மிதந்தது. பாறைப் பக்கம் போயிற்று. ஒன்றும் இல்லை. அவள் இன்னொரு பிடியை என் கையில் திணித்தாள். "நீ போடுடி."

வெயில் அப்போதுதான் மருதமரத்தின் உச்சியைக் கடந்து நீரைத் தொட்டது. நான் இறைத்தேன். பாறையோரம், ஓடைநீர் வந்து விழும் இடத்தில், ஒரு 'ப்ளக்'. பிறகு இன்னொன்று. பிறகு அந்த வெளுத்த கண்.

"பெரியவர் வந்துட்டார்!" ஊரே கத்திற்று. வலைக்காரர் இறங்கினார். கோலை ஊன்றினார். "முழங்கால்!" குரல் நடுங்கிற்று. "இடுப்பு! மார்பு!" அங்கே நிறுத்தியிருக்கவேண்டும், முறை அதுதான். அவரோ ஒரு கணம் நின்று, கரையிலிருந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்து, உள்ளங்கையை நீரில் வைத்து, தம் பாட்டன் பூட்டன் எவரும் கூவாத ஒன்றைக் கூவினார்:

"வெதுவெது!"

தோழியரே, நீரியல் படித்த என் தம்பி மகன் இதையெல்லாம் பின்னாளில் எனக்கு விளக்கியிருக்கிறான். அணை நீரின் மேற்பரப்பைத்தான் வெயில் சூடாக்கும். அடிநீர் கோடையிலும் குளிர்ந்தே கிடக்கும். அதைத் திறந்துவிட்டால் ஆறு பருவம் மாறியதாக எண்ணும். நமக்குப் பஞ்சாங்கம் எப்படியோ, மீனுக்கு நீரின் வெம்மை அப்படி. எப்போது இரை தேடலாம், எப்போது முட்டையிடலாம் என்று அதைக் கொண்டே அறியும். பாவம், எங்கள் சேல்களுக்கு ஆனியில் மார்கழி வந்துவிட்டது. மேல்நீரையும் கலந்து விட்டால் ஆறு பருவம் தப்பாது என்கிறான். புதிதாகக் கட்டும் அணைகளில் வெவ்வேறு உயரத்தில் மதகு வைக்கும் முறையும் உண்டாம். கேட்க எனக்கு நிறைவாக இருந்தது. அணை வேண்டாம் என்று அன்றும் எவரும் சொல்லவில்லை. அந்த நீரில்தான் கீழே வயல்கள் விளைந்தன. மீனையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் திறந்தால் போதும்.

அப்பாவின் குரல் ஐப்பசியில் முழுமையாகத் திரும்பிற்று. அதன்பின் குளிர்புனல் வரும் பாடல்களை அவர் முன்னிலும் உருகிப் பாடினார் என்றே நினைக்கிறேன். பாடி முடித்ததும் அம்மா பக்கம் ஒரு பார்வை போகும். அம்மா கையை ஆட்டிக் காட்டுவார். எங்கள் வீட்டில் மட்டும் விளங்கும் வேடிக்கை அது.

இந்தத் தையில் தீர்த்தவாரிக்குப் போயிருந்தேன். நாங்கள் வெட்டிய வழியை இப்போது கல் பாவிக் கட்டியிருக்கிறார்கள். ஓடையின் ஆழமற்ற நீரில் விரற்கடை நீளக் குஞ்சுகள் கூட்டமாகத் திரும்பித் திரும்பி மின்னின. மூங்கில் புதிது, பித்தளைப் பூண் பழையது. கோல் வலைக்காரர் மகளிடம் இருக்கிறது. அவள் முழங்காலும் என் முழங்காலைப்போலத்தான் வலிக்கிறதாம், ஆயினும் இறங்கினாள். "முழங்கால்! இடுப்பு! மார்பு!" குரலில் கிழடு தட்டவே இல்லை. ஆழம் கூவியபின் நீரின் வெதுவெதுப்பையும் கூவுவது அந்த ஆடிமுதல் வழக்கமாகிவிட்டது. பின்னர் கரையில் என்னைத் தேடிப் பிடித்தாள்.

"ஏய், திருவண்ணாமலைக்காரி! இன்னா வேடிக்கை பாத்துக்கினு நிக்கற? உங்கம்மா கைதான உனக்கு? வந்து வெச்சுச் சொல்லு. எல்லாரும் காத்துக்கினு கீறாங்க."

அர்ச்சகர் காத்திருந்தார். சுவாமியும் காத்திருந்தார். நான் படியிறங்கிக் குனிந்து நீரில் கையை வைத்தேன். ஏதோ ஒன்று, தடித்த உதடுகொண்டு, என் விரல் நுனியைப் பொரியென்று எண்ணித் தொட்டுப் பார்த்துவிட்டுப் போயிற்று.

அப்பாவின் சுருதியில் கூவினேன். ஊர் இறங்கிற்று.